அக்காவுக்கு மட்டும்

1

இன்று காலைத் தபாலில் ஒரு கேசட் வந்தது. கூடவே நாலாக மடித்த ஒரு காகிதம். ஏழு வருஷத்துக்கு முன்னால் தருமபுரியில் என் அக்கா மாதம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேஷன் நடந்தது. அன்றைக்கு என்னென்ன எடுத்தார்கள் என்று டாக்டர் எழுதிவைத்த விவரம்தான் அந்தக் காகிதம். இங்கே இங்கிலாந்தில் எனக்கும் அதே ஆப்பரேஷன் நடந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. காகிதத்துக்கு அது எங்கே தெரியும்? அது பாட்டுக்கு இன்றைக்குப் பார்த்து வந்து விழுந்திருக்கிறது.

ஒரு தடவைதான் படித்தேன். அப்புறம் கழுவிவைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினேன். துணி அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போய், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வந்தேன். அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அக்காவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது, இங்கிலீஷுக்கு எங்கே போவாள்? நான் சொன்னால்தான் அந்த வரி அவளுக்குப் போய்ச் சேரும். நான் வாயை மூடிக்கொண்டால் கடைசி வரைக்கும் சேராது. விஷயம் அவ்வளவுதான். இங்கே எழுதிவிட்டேன், ஆனால் உட்கார முடியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவகாமி. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் அங்கே சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தார். இப்போது இங்கே ஒரு சர்க்கரை ஆலையில் இருக்கிறார். இங்கே கரும்பு கிடையாது, ஒரு வெள்ளைக் கிழங்கிலிருந்து சர்க்கரை காய்ச்சுகிறார்கள். ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒரே மகள் கவிதா, பதினாலு வயசு. அவள் பேசும் தமிழ் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

2

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு மாதத்தில் பதினைந்து நாள் தீட்டு நிற்காமல் போனது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. பக்கத்து டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரி எனக்கு ஒரு கடிதம் எழுதியது. நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினேன். அதைப் பெற்றுக்கொண்டோம் என்று இன்னொரு கடிதம் வந்தது. இப்படி நாங்கள் மாமியார் மருமகள் மாதிரி எழுதிக்கொண்டே இருந்ததில் நாலு மாதம் ஓடிப்போனது.

எனக்கு இங்கிலீஷ் அகராதி வைத்துக்கொண்டு படிக்க வரும். பேச நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கவிதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெற்ற மகளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மானம் போயிற்று. அவளுக்கு அதைவிட. ஜன்னலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் தமிழாக்கினாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கர்ப்பப்பையை வரைந்தார். காம்பு கீழே வருகிற மாதிரி பிடித்த கத்திரிக்காய் போல இருந்தது. அந்தக் காம்புதான் கர்ப்பப்பை வாய். இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு மாதிரி ஒவ்வொன்று, அவை சினைப்பைகள். கத்திரிக்காய்க்குள் மூன்று கட்டிகள் போட்டார். பையை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் எப்படி எடுப்பது என்பதில் சில முடிவுகள் உங்களுடையவை என்றார்.

வயிற்றைக் கீறி எடுக்கலாம், இல்லையென்றால் வயிற்றில் கத்தி வைக்காமல் கீழ்வழியாக எடுக்கலாம். என் கட்டிகள் பெரிசு, கீழ்வழி சரிப்படாது என்று அவரே அதை அடித்துவிட்டார். அடுத்தது, காம்போடு எடுப்பதா, காம்பை விட்டுவிடுவதா. விட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் பின்னாளில் அங்கே புற்று வருகிறதா என்று அவ்வப்போது சோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியாக அந்தச் சினைப்பைகள். எடுத்துவிட்டால் அவற்றில் புற்று வரும் பயம் இல்லை. ஆனால் ஐம்பது வயசில் மெதுவாக நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்துவிடும், உடம்பு அதைத் தாங்கச் சிரமப்படும். வைத்துக்கொண்டால் உடம்பு தன் போக்கில் போகும், அந்தச் சிறு பயமும் கூடவே இருக்கும். உங்களுக்கு நாற்பத்திரண்டு, இரண்டு பக்கமும் பேசலாம் என்றார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு கவிதா சொன்னாள்: "அம்மா, உன் வயித்துல ரெண்டு முட்டை இருக்காம். வேணுமா வேணாமான்னு கேக்கறாரு."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் திகைத்துப்போனார். மூன்று வாரத்தில் யோசித்துச் சொல்ல முடியுமா என்றார். ஊரில் இருக்கும் என் அக்காவைக் கேட்க வேண்டும், தபால் போய்வர ஒன்றரை மாதம் ஆகும் என்று சொல்லச் சொன்னேன். சரி, வரிசை எப்படியும் நீளம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்தவர் அவரா நானா? எங்கள் ஊர்ப் பக்கம் டாக்டரம்மா, "எடுத்துடலாம், வெள்ளிக்கிழம வெறும் வயித்தோட வந்துடும்மா" என்பார். நாமும் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வோம். இங்கே என்னடாவென்றால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அந்தப் படத்தை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன், எடுத்தேன், அரிசி டப்பாவுக்குள் வைத்தேன், மறுபடி எடுத்தேன். காலையில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். சாயங்காலம் ஐயோ வேண்டாம் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "உனக்கு எது சரின்னு படுதோ அதப் பண்ணு" என்று ஆலைக்குப் போய்விடுவார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த நேரத்தில் அவரைக் கண்டாலே எரிச்சலாக வந்தது.

3

அக்காவுக்கு ஆப்பரேஷன் ஆனபோது வயசு முப்பத்தெட்டு. "மாதம்மாளுக்குச் சின்ன ஆப்பரேஷன், இப்போது சுகம்" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார் மாமா. அக்கா புருஷன் கோவிந்தன் மாமா, எட்டாவது வரைக்கும் படித்தவர். அந்த வீட்டில் வருகிற போகிற எழுத்தெல்லாம் அவர் கைவழிதான்.

அடுத்த லீவில் நாங்கள் போனபோது அக்கா வேறு ஆளாக இருந்தாள். மார்கழிப் பனியில் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். காரணமே இல்லாமல் அழுவாள். கேட்டால், "ஒன்னியும் இல்ல கண்ணு" என்பாள். வத்தல்மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் காத்து அடித்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டி, கையில் தாயத்துக் கட்டியிருந்தார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பேயை நம்புகிறவள் இல்லை நான், ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் லீவில் வந்தவளுக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த லீவில்தான் நாங்கள் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றிலிருந்து எங்களுக்குள் கடிதம் இல்லை, கேசட்தான். ஊரில் கேசட் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வந்த அன்றைக்கே போட மாட்டார்கள். எல்லோரும் வீடு வந்து, அக்கம்பக்கமும் வந்து உட்கார்ந்த பிறகு, பூப்போட்ட துணியை விலக்கி மாமா பட்டனை அமுக்குவார். தனியாக யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் எதையோ மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும். பதில் பேசும்போதும் வரிசையாகப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள், ஆண்கள் முதலில்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கேசட் முழுக்க அக்காவிடம் கொட்டினேன். பதினைந்து நாள் கதை, கத்திரிக்காய்ப் படம், எல்லாவற்றையும். "உனக்கு ரெண்டு பக்கமும் எடுத்தாங்களா, வெச்சாங்களா? அப்பறம் உடம்பு எப்பிடி இருக்குது? உள்ளதச் சொல்லுக்கா, அதக் கேட்டுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றேன். பிறகு பெரிய புத்திசாலி மாதிரி, கேசட் மேல் கொட்டை எழுத்தில் எழுதினேன்: அக்காவுக்கு மட்டும்.

தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. அக்காவுக்கு எங்கே படிக்கத் தெரியும்?

4

மாமாதான் உறையைப் பிரித்து, "அக்காவுக்கு மட்டும்" என்று சத்தமாகப் படித்தாராம். வழக்கமாக வராதவர்கள்கூட அன்றைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதில் கேசட் ஒன்றரை மாதத்தில் வந்தது.

"நான் கோவிந்தன் பேசறன், பாலக்கோட்டுலருந்து. இதா பாரு சிவகாமி, ரொம்ப ரோசன பண்ணிக்கினு இருக்காத. எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு. வேரோட புடுங்கினா தொல்ல தீந்துது. உங்கக்காளுக்கும் அப்பிடித்தான், இப்ப கல்லாட்டம் இருக்கறா."

"சித்தப்பா பேசறன். வெள்ளக்காரனுக்குத் தெரியாததா? அவன் கை காட்டற எடத்துல கையெழுத்தப் போடு."

"பக்கத்து வூட்டு ராஜம்மா பேசறன். பை போயிட்டா கண்ணு மங்கிப்போவுமாமே? முருங்கக்கீர தின்னு கண்ணு, கட்டி தானா கரைஞ்சுடும்."

என் கர்ப்பப்பைக்கு ஊர்ப் பஞ்சாயத்தே கூடியிருந்தது. கடைசியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "நான் மாதம்மா பேசறன். எல்லாரும் சொகமா இருக்கறம். மாமா சொல்றாப்பல செய்யி கண்ணு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா ஒன்றரை மாதம் காத்துக் கிடந்தேன்? நிறுத்தத் தோன்றாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். மறுபக்கம் வெறும் இரைச்சல். பாதி வெங்காயம் ஆகியிருக்கும். ஒரு டிராக்டர் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா. இந்தத் தடவை அவள் பெயர் சொல்லவில்லை.

"சிவகாமி, நாந்தான். எல்லாரும் தக்காளி மண்டிக்குப் போயிட்டாங்க. எந்தப் பட்டன அமுக்கறாருன்னு பாத்து வெச்சிக்கினன். நீ கேட்டியே, அதுக்கு எனக்குப் பதில் தெரியாதுடி. எனக்கு என்ன எடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது. மயக்கம் தெளிஞ்சப்ப மாமா, 'எல்லாம் முடிஞ்சுது'ன்னாரு. எது எல்லாம்னு நான் கேக்கல. அன்னியிலருந்து உள்ளுக்குள்ள அடுப்பு எரியறாப்பல இருக்குது. எலும்பெல்லாம் வலி. மாமா கிட்ட வந்தாலே எரியுது, அத யாருகிட்டச் சொல்றது? காத்துக் கருப்புன்னு தாயத்து கட்டினாங்க. நானும் அப்பிடித்தான் போலருக்குதுன்னு நெனச்சிக்கினன். நீ உங்க டாக்டரு படம் போட்டுக் காட்டினாருன்னு சொன்னதக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. அந்தப் படம் எனக்கும் ஒன்னு அனுப்பு. எனக்கு எது போச்சு, எது இருக்குதுன்னு அவரக் கேட்டுச் சொல்லு. உன்ன எடுக்கறதா வெக்கறதான்னு கேக்கறாங்களாமே. குடுத்து வெச்சவ நீ."

வெங்காயத்தின் மேல் பழி போட்டு நன்றாக அழுதேன். இந்த ஊர் டாக்டர் என்னைக் கேட்டதற்காக ஒன்றரை மாதம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

5

மறுபடி டாக்டரிடம் போனபோது முதலில் என்னுடையதைப் பேசவில்லை. அக்கா சொன்னதை கவிதாவிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். அவள் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஜன்னலை விட்டு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மாவ யாருமே கேக்கலயாம்மா?"

"இல்ல கண்ணு."

"அவங்க வயிறுதானே?"

மீதியையும் கேள் என்றேன்.

காகிதத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் கேட்கிறதைப் பார்த்தால் சினைப்பைகளையும் எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, முப்பத்தெட்டு வயசு அதற்குச் சீக்கிரம். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, இதற்கு மாத்திரை உண்டு. உங்கள் அக்கா அந்த விவரக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு டாக்டரைப் பார்க்கட்டும் என்றார்.

பிறகு என் விஷயத்தைச் சொன்னேன். காம்போடு பையை எடுத்துவிடுங்கள், சோதனைக்கு அலைய என்னால் முடியாது. இரண்டு சினைப்பைகளும் எனக்கு வேண்டும். உள்ளே திறந்து பார்த்து அவை கெட்டிருந்தால் மட்டும் எடுங்கள். இதை கவிதா சொல்லவில்லை, நானே சொன்னேன், தப்பும் தவறுமாக. சம்மதப் படிவத்தை நர்ஸ் நீட்டியதும் என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். நர்ஸ் அந்தப் பேனாவை வாங்கி என் கையில் கொடுத்தாள். படிவத்தில் நான் போட்ட "சிவகாமி" கோணல்மாணலாக விழுந்தது.

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கு ஊருக்குக் கேசட் பேசினேன். இந்தத் தடவை மேலே ஒன்றும் எழுதவில்லை. "எல்லாரும் ஒக்காந்தாச்சா? மாமா, நீங்களும் இருங்க. எல்லாரும் கேளுங்க" என்றுதான் ஆரம்பித்தேன். லீவில் வந்தபோது அக்காவுக்கு வேர்த்ததை நானே கண்ணால் பார்த்தேன், அதை டாக்டரிடம் கேட்டேன் என்றேன். அவள் தனியாகப் பேசியதைச் சொல்லவில்லை. காத்தும் இல்லை கருப்பும் இல்லை, தருமபுரிக்குப் போய்க் காகிதம் வாங்குங்கள் என்றேன். கவிதா கத்திரிக்காய்ப் படத்தை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் எழுதினாள். "சினைப்பை"யில் ஒரு எழுத்துத் தப்பு. திருத்தாமல் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பல மாதம் ஊரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குடும்பத்தைக் கலைத்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன்.

6

இன்று வந்த கேசட்டில் முதலில் பேசுவது அக்கா. ஆண்களுக்கு முன்னால்.

"நான் மாதம்மா பேசறன். எல்லாரும் இங்கதான் இருக்கறாங்க சிவகாமி. தருமபுரிக்கு மூனு தபா பஸ் ஏறினன். மொதல் தபா, எந்த வருசம், எந்த மாசம், சீட்டு இருக்குதான்னாங்க. ரெண்டாம் தபா, கையெழுத்துப் போட்டவரக் கூட்டிக்கினு வாங்கன்னாங்க. என் வயித்துக்கு யாரு கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டன். வூட்டுக்கு வந்து இவரயும் கேட்டன். மூனாம் தபா இவரும் வந்தாரு. பேசச் சொல்றன், கேளு."

கோழி கொக்கரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கிறது. பிறகு மாமா.

"நான் கோவிந்தன் பேசறன். டாக்டரம்மா கேக்காம இல்ல சிவகாமி. 'ரெண்டு பக்கமும் வெச்சுடலாமா, எடுத்துடலாமா, பின்னால தொல்ல வரலாம், வராமயும் இருக்கலாம், என்ன சொல்றீங்க'ன்னு கேட்டாங்க. என்னத்தான் கேட்டாங்க. மண்டியில லோடு நிக்குது. எடுத்துடுங்கன்னுட்டன். இவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. அதுக்கப்பறம் இவளுக்கு வேத்து ஊத்தினப்பவும் தோணல."

மறுபடி அக்கா.

"கேட்டியா? தாயத்த அறுத்துக் கெணத்துல போட்டுட்டன். தருமபுரி டாக்டரு குடுத்த மாத்திர திங்கறன், சூடு கொஞ்சம் தணிஞ்சிருக்குது. காயிதத்த இங்க யாரும் படிக்கல, உனக்கு அனுப்பியிருக்கறன். நீ படிச்சுச் சொல்லு, நாங்க எல்லாரும் ஒக்காந்துதான் கேப்பம். ஒரு வரி உடாத சிவகாமி. நல்லதா பொறுக்கிப் போடாத. கூடைக்கு மேல நல்ல பழமா அடுக்கறது எப்பிடின்னு எனக்குத் தெரியாதா?"

காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. வயிறு கீறப்பட்டது. கர்ப்பப்பை நீக்கப்பட்டது. எல்லாம் சரி. ஏழாவது வரிதான் என்னைக் காலையிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் துரத்திக்கொண்டிருக்கிறது: இரண்டு சினைப்பைகளும் நல்ல நிலையில் இருந்தன. இரண்டும் நீக்கப்பட்டன.

மாமா அங்கே உட்கார்ந்திருப்பார். சித்தப்பா, ராஜம்மா, எல்லோரும் இருப்பார்கள். நல்ல நிலையில் இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். அந்த மனுஷன் அதற்கப்புறம் எப்படித் தலை நிமிருவார்? தெரிந்து அக்காவுக்கு என்ன ஆகப்போகிறது? எடுத்தது திரும்பி வரவா போகிறது? ஆறு வரி படித்துவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடத்திலிருந்து கவிதா வந்தாள். மேஜை மேலிருந்த காகிதத்தைப் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு அகராதி இல்லாமலே புரியும். நான் என் யோசனையைச் சொன்னேன். ஏழாவது வரியை விட்டுவிடலாமா?

"அம்மா, அத நீ முடிவு பண்ணுவியா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தில் மரியாதை இல்லை. வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பேன். எழுந்து போய் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தேன். காகிதத்தை நீவிவிட்டு, பட்டனை அமுக்கினேன்.

"அக்கா, நான் சிவகாமி பேசறன். எல்லாரும் ஒக்காந்தாச்சா? மொத்தம் பன்னெண்டு வரி இருக்குது. பன்னெண்டையும் படிக்கறன்."